கம்பளிப் பின்னல் பழக வருவோர்க்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மலையில் குளிர் இறங்குவதற்குள் ஒரு மப்ளராவது கையால் பின்னி முடிக்கலாமே என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பழனி மலை வீடுகளில் பரண்மேல் ஊசி கிடப்பது நான் நினைத்ததைவிட அதிகம் என்று தெரிகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் இப்போதுதான் ஊசியைக் கையில் எடுத்தவர்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் 'கண்ணி' என்று எழுதுகிறேன். அடிப்படைப் பின்னல்கள் இரண்டுக்கும், எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்ன 'பிளெயின்', 'பர்ல்' என்ற பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு நான் புதுப்பெயர் சூட்டினால், உங்களால் கடைக்காரரிடமும் கேட்க முடியாது, பாட்டியிடமும் கேட்க முடியாது.

கேள்வி: எனக்குப் பின்னலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. மூஞ்சிக்கல் பக்கம் ஒரு கடையில் 8, 10, 12 என்று எண் போட்ட ஊசிகளைக் காட்டினார்கள். நான் பார்த்த காணொளியில் 8-ஆம் எண் ஊசி 5 மி.மீ. என்றார்கள்; கடைக்காரரோ 4 மி.மீ. என்கிறார். யார் சொல்வது சரி? முதலில் எதை வாங்குவது? – வாசகி, பெருமாள்மலை

பதில்: இருவர் சொல்வதும் சரிதான்; அவரவர் ஊர்க் கணக்கைச் சொல்கிறார்கள். நம் நாட்டுக் கடைகளில் இன்றும் புழங்குவது பழைய இங்கிலாந்து எண். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. மின்பணியாளர்கள் கம்பிக்குச் சொல்லும் கேஜ் கணக்கைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எண் இதற்கு நேர்மாறானது. அங்கே எண் ஏறினால் ஊசி தடிக்கும். அவர்களுடைய 8-ஆம் எண் ஊசிதான் நீங்கள் கேட்ட 5 மி.மீ. காணொளிகளைக் கை அசைவு பழகுவதற்குத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் எண்ணை மட்டும் அவற்றிலிருந்து எடுக்காதீர்கள். கடையில் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேட்டால் குழப்பமே வராது.

வாங்க வேண்டியவை மிகக் குறைவு. 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, 'டபுள் நிட்டிங்' என்று சீட்டில் எழுதிய நூல் 200 கிராம், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்று, கண் பெரிதாகவும் முனை மழுங்கியும் இருக்கும் தையல் ஊசி ஒன்று, ஒரு அளவு நாடா. இவற்றைக் கொண்டே 20 செ.மீ. அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள மப்ளர் ஒன்றை முடித்துவிடலாம். மரம் அல்லது மூங்கில் ஊசி கிடைத்தால் அதையே எடுங்கள். நூலைச் சற்றுப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கண்ணி நழுவுவது குறையும். எஃகு ஊசி வேகத்துக்கு நல்லது, ஆனால் முதல் மாதத்தில் உங்களுக்கு வேகம் தேவையில்லை.

நூலின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இளமஞ்சள், வெளிர்பச்சை, சாம்பல் போன்ற வெளிர்நிறத்தில், ஒரே நிறமாக, முறுக்கு நன்றாகத் தெரியும் நூலாக வாங்குங்கள். கறுப்பும் கருநீலமும் அழுக்குத் தாங்கும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்கே மேகம் இறங்கிவிடும் ஊரில், கறுப்பு நூலில் கண்ணியைத் தேடுவது புதிதாகப் பழகுகிறவரை அழவைத்துவிடும். பூனைமயிர்போல் பொசுபொசுவென்று இருக்கும் அலங்கார நூலும் வேண்டாம். அதில் தவறு செய்தால் கண்ணுக்கும் தெரியாது, பிரிக்கவும் வராது. எடுக்கும் உருண்டைகள் அனைத்தின் சீட்டிலும் லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண், ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறத்துக்கான ஷேட் எண் ஒன்றாக இருந்து லாட் எண் மாறினால், கடை விளக்கில் தெரியாத நிறவேறுபாடு வெயிலில் கோடு போட்டாற்போல் தெரியும்.

கேள்வி: கண்ணி ஏற்றியதோடு நிற்கிறேன். பிளெயின், பர்ல் இரண்டும் வேறுவேறு என்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. பின்னலில் எத்தனை வகைகள் கற்க வேண்டும்? – வாசகி, பூம்பாறை

பதில்: உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. இரண்டும் ஒரே கண்ணிதான். ஒன்று முன்பக்கம், மற்றது அதன் முதுகு. இதைப் புரிந்துகொள்ள ஊசி தேவையில்லை. வீட்டில் துவைத்துக் காயப்போட்டிருக்கும் பனியன் ஒன்றை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில், சிறு சடைகளை வரிசையாகப் பின்னித் தொங்கவிட்டாற்போல் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். உட்பக்கத்தைத் திருப்பினால், அதே துணியில் சின்னச் சின்னப் புருவங்கள் குறுக்காக அடுக்கியிருக்கும். சடை தெரிந்தால் பிளெயின், புருவம் தெரிந்தால் பர்ல். திருப்பூரில் எந்திரம் செய்வதையே நாம் இரண்டு ஊசியால் மெதுவாகச் செய்கிறோம். அதனால்தான் அந்த ஊர்த் துணிக்குப் பின்னலாடை என்று பெயர். 1589-ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்ற இங்கிலாந்துப் பாதிரியார் காலுறை பின்னும் எந்திரத்தை உருவாக்கியபோது, அவர் எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே கண்ணியைத்தான்.

தறித்துணியில் பாவும் ஊடையுமாக இரண்டு நூல்கள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. பின்னலில் இருப்பதோ ஒரே நூல். அது வளைந்து, தனக்குக் கீழே உள்ள வளையத்துக்குள் புகுந்து வருகிறது. பனியன் இழுத்தால் நீள்வதும், வேட்டி நீளாததும் இதனால்தான்.

இனி கைக்கு வருவோம். கண்ணி ஏற்றும்போது, அதாவது முதல் வளையங்களை ஊசியில் போடும்போது, தொடக்கத்தில் விடும் நூல் வால் போதாமல் போவது பலருக்கு நேர்கிறது, 4 மி.மீ. ஊசியில் 30 கண்ணிக்கு ஏறக்குறைய 60 செ.மீ. விடுங்கள். கண்ணிகள் ஏறிய ஊசி இடக்கையில், வெற்று ஊசி வலக்கையில், உருண்டையிலிருந்து வரும் நூல் ஊசிகளுக்குப் பின்னால். பிளெயினுக்கு நான்கே அசைவுகள்: நுழை, சுற்று, இழு, விடு. வலது ஊசியின் முனையை முதல் கண்ணிக்குள் இடப்பக்கத்திலிருந்து முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். அது இடது ஊசிக்கு அடியில் போய்ச் சிலுவைபோல் நிற்கும். பின்னால் இருக்கும் நூலை வலது ஊசியின் முனையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு ஊசிகளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். அந்தச் சுற்று முனையிலேயே இருக்கும்படி, நுழைந்த வழியாகவே அதை முன்னால் இழுங்கள். இப்போது வலது ஊசியில் புதுக்கண்ணி பிறந்துவிட்டது. இடது ஊசியில் இருக்கும் பழைய கண்ணியை நழுவ விடுங்கள். பர்லுக்கும் இதே நான்குதான். நூலை மட்டும் முன்பக்கம் கொண்டுவந்து, ஊசியை வலப்பக்கத்திலிருந்து கண்ணியின் முன்புறமாக நுழைத்து, சுற்றியபின் பின்பக்கமாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும்.

முதல் நாள் 'இழு' என்ற மூன்றாம் அசைவில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், சுற்றிய நூல் முனையிலிருந்து சறுக்கிவிடும். இடக்கைச் சுட்டுவிரலால் வலது ஊசியின் முனையை மெல்லத் தாங்கிக்கொண்டால் சறுக்காது. கண்ணியை இறுக்கிக் கட்டுவதும் பெரிய தொல்லை. நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சுப்போல் இழுத்துவிட்டால், அடுத்த வரிசையில் ஊசி உள்ளே போகவே போகாது. கண்ணி ஊசியில் முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும்.

எல்லா வரிசைகளையும் பிளெயினாகவே பின்னினால், வயலில் வரப்பு இட்டாற்போல் இரு பக்கமும் ஒன்றாய்த் தெரியும் தடிப்பான துணி வரும். அது சுருளாது, மப்ளருக்கு அதுவே போதும். ஒரு வரிசை பிளெயின், மறு வரிசை பர்ல் என்று மாற்றினால் பனியன் துணி வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பக்கவாட்டு ஓரங்கள் பின்னாலும் மேல்கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருண்டுகொள்ளும். இது உங்கள் தவறில்லை. முன்பக்கமும் முதுகும் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பு சமமாக இல்லாததால் வருவது. இஸ்திரி போட்டும் நிரந்தரமாகப் போகாது. ஸ்வெட்டரின் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இரண்டு பிளெயின், இரண்டு பர்ல் என்று ஒரே வரிசைக்குள் மாற்றிப் பட்டி போடுவது, அந்தச் சுருளலை அடக்கவும் உடலோடு பிடிக்கவும்தான். எத்தனை வகை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டைத் தவிர மற்ற அனைத்தும் இவற்றின் சேர்க்கையே.

கேள்வி: 30 கண்ணியில் மப்ளர் தொடங்கினேன். முக்கால் அடி வருவதற்குள் 41 கண்ணி ஆகிவிட்டது. நான் எங்கும் கூட்டவில்லை. எப்படி நடக்கிறது? – வாசகி, பண்ணைக்காடு

பதில்: நடக்கும். என் முதல் மப்ளர் 28 கண்ணியில் தொடங்கி 45-இல் முடிந்தது. என் தம்பி அதை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, 'முறம் நன்றாக இருக்கிறது, அரிசி புடைக்கலாம்' என்றான். அன்று எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு கண்ணியும் எங்கே கூடியது என்பதை அந்தத் துணியே தெளிவாகச் சொல்லியது. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். உங்கள் துணியை இப்போதே மேசைமேல் விரித்து, அகலம் கூடியது ஓரத்திலா நடுவிலா என்று பாருங்கள்.

ஓரத்தில் கூடியிருந்தால் காரணம் இதுதான். வரிசையை முடித்து ஊசியைத் திருப்பியதும், நூல் முன்பக்கம் கீழே தொங்கும். அதை ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோக வேண்டும். அவசரத்தில் பலர் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிடுகிறார்கள். அப்போது முதல் கண்ணி மேலே தூக்கப்பட்டு, அதற்குக் கீழ்வரிசைக் கண்ணியின் இரண்டு கால்களும் ஊசியில் ஏறி நிற்கும். ஒன்று இரண்டாகத் தெரியும். நீங்களும் இரண்டையும் பின்னிவிடுவீர்கள். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலைக் கீழ்நோக்கி ஒருமுறை மெல்ல இழுத்துவிட்டு, முதல் கண்ணியின் அடியைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

நடுவில் கூடியிருந்து, கூடிய இடத்தில் சிறு ஓட்டையும் தெரிந்தால், பின்னும்போது நூல் தெரியாமல் முன்னால் வந்து ஊசியின்மேல் படுத்திருக்கிறது; அடுத்த வரிசையில் அதையும் கண்ணி என்று எண்ணிப் பின்னியிருக்கிறீர்கள். ஓட்டையும் இல்லை என்றால், ஊசி முனை நூலின் முறுக்கைப் பிளந்து ஒரு கண்ணியை இரண்டாக எடுத்திருக்கக்கூடும். நுனி கூரான ஊசியும் முறுக்குத் தளர்ந்த நூலும் சேரும்போது இது அடிக்கடி நேரும்.

இன்னும் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரிசையின் நடுவில் பால் பொங்கியது என்று எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தால், எந்த ஊசி எந்தக் கைக்கு என்பது மறந்துபோகும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கிறதோ அது வலக்கைக்கு. மாற்றிப் பிடித்தால் பாதி வரிசையில் திரும்பி நடந்துவிடுவீர்கள்; துணியின் ஒரு பக்கம் இரண்டு வரிசை உயர்ந்துவிடும்.

41 கண்ணியை எப்படி 30 ஆக்குவது என்று கேட்பீர்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னிக் குறைக்கலாம்தான். ஆனால் முறம் முறமாகவே இருக்கும். முக்கால் அடிதானே, பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பிரிப்பதை வீணான உழைப்பு என்று எண்ணாதீர்கள். நூலுக்கு அதனால் சேதமில்லை. இழுக்கும்போது கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்வதைப் பார்த்தால், எது எதற்குள் நுழைந்திருந்தது என்பது தானாகவே விளங்கிவிடும். அடுத்த முறை பத்து வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறப் பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஓட்டிவிடுங்கள். தவறு நேர்ந்தால் அந்த நூல்வரை மட்டும் பிரித்தால் போதும். அதற்குக் கீழே எதுவும் அவிழாது.

கேள்வி: எனக்கு இடக்கைப் பழக்கம். எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் பழக வேண்டுமா? – வாசகி, தாண்டிக்குடி

பதில்: வேண்டாம் என்பதே என் அனுபவம். பின்னலில் இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. நூலை இடக்கை விரலில் சுற்றிக்கொண்டு, வலது ஊசியால் அதைக் கொத்தி எடுக்கும் ஐரோப்பிய முறையைப் பழகுங்கள். இடக்கைக்காரர்களுக்கு அது இயல்பாக வந்துவிடுகிறது. புத்தகக் குறிப்புகளையும் தலைகீழாக்கிப் படிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியன். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறோமே என்று மனைவியிடம் பின்னல் கற்கத் தொடங்கினேன். பேரன்மார் சிரிக்கிறார்கள். அது போகட்டும், விரல் மூட்டுகள் வலிக்கின்றன. விட்டுவிடலாமா? – வாசகர், செண்பகனூர்

பதில்: ஐயா, பேரன்மாரிடம் பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் தக்கீலே என்று ஒரு தீவு இருப்பதைச் சொல்லுங்கள். அங்கே பின்னல் ஆண்களின் வேலை. பையன்கள் சிறுவயதிலேயே தொப்பி பின்னக் கற்றுக்கொள்கிறார்கள், இடுப்புப் பட்டை நெய்வது பெண்களின் வேலை. அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஐரோப்பிய நகரங்களிலும் ஒரு காலத்தில் பின்னல் தொழிற்குழுக்களை நடத்தியவர்கள் ஆண்களே.

வலிக்கு வருகிறேன். பேனா பிடித்துப் பழகிய கை, ஊசியையும் பேனாபோல் இறுக்கிப் பிடிக்கும். வலியின் முக்கியக் காரணம் பெரும்பாலும் அதுதான். 5 மி.மீ. மர ஊசிக்கு மாறுங்கள். இரண்டு முனைகளையும் நெகிழும் வடத்தால் இணைத்த வட்ட ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. துணியின் பாரம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் இருக்கும். நேர்ப்பின்னலையும் அதில் திருப்பித் திருப்பிப் பின்னலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள். காலைக் குளிரில் விறைத்த கையோடு தொடங்காமல், காபித் தம்ளரைச் சற்று நேரம் இரு கைகளாலும் பிடித்திருந்துவிட்டுத் தொடங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மூட்டு வீங்கினாலோ, இரவில் விரல் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டுவதே முறை.

கேள்வி: புத்தகத்தைப் பார்த்து, எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறாமல், கணவருக்கு ஸ்வெட்டர் பின்னினேன். அவரோடு இன்னொருவரும் உள்ளே நுழையலாம்போல் இருக்கிறது. மாதிரித் துண்டு பின்னி அளக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. நூல் வீணாகிறதே என்று விட்டுவிட்டேன். அதனாலா இப்படி? – வாசகி, நாயுடுபுரம்

பதில்: அதனால்தான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டபுள் நிட்டிங் நூலுக்குப் பல புத்தகங்கள் சொல்லும் அளவு, 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.-க்கு 22 கண்ணி, 28 வரிசை. மார்புச் சுற்று 100 செ.மீ. என்றால் முதுகுத் துண்டுக்கு 50 செ.மீ.; அதற்கு 110 கண்ணி. புத்தகம் எழுதியவரின் கை அது. உங்கள் கை சற்றுத் தளர்ந்தது, 10 செ.மீ.-க்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 110 கண்ணி 55 செ.மீ. ஆகிவிடும். முன்னும் பின்னும் சேர்த்தால் 110 செ.மீ. இரண்டே கண்ணிதானே என்று நாம் நினைப்பது, போட்டுப் பார்க்கும்போது பத்துச் செ.மீ. தொளதொளப்பாக வந்து நிற்கிறது.

ஆகவே பின்னப்போகும் அதே நூலில், அதே ஊசியில், 15 செ.மீ. சதுரத்தில் ஒரு துண்டு பின்னுங்கள். அதை ஸ்வெட்டரைத் துவைக்கப்போகிற முறையிலேயே அலசி, படுக்கப்போட்டு உலர்த்துங்கள். ஓரங்களை விட்டுவிட்டு, நடுவில் 10 செ.மீ.-க்குள் எத்தனை கண்ணி என்று, இரண்டு குண்டூசி குத்தி எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் கணக்கில் சேருங்கள். அது சிறிதென்று தள்ளிவிடுபவர்கள் அக்குளில் போய் வருந்துகிறார்கள். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும், அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறுங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முயலாதீர்கள். பத்து வரிசை போவதற்குள் கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

நூல் வீண் என்று எழுதியிருந்தீர்கள். மாதிரித் துண்டை அளந்தபின் பிரித்து மீண்டும் உருண்டையில் சேர்த்துக்கொள்ளலாம். நான் பிரிப்பதில்லை. ஊசி எண்ணையும் நூலின் சீட்டையும் அதனோடு சேர்த்துத் தைத்து ஒரு பையில் போட்டு வைக்கிறேன். அதே நூல் மறுபடி கிடைத்தால் அளக்கும் வேலை மிச்சம்.

முதல் ஸ்வெட்டரை வளர்ந்தவர்களுக்குத் தொடங்காமல் குழந்தைக்குத் தொடங்குவது நல்லது. நூலும் குறைவு, தவறும் குறைவு. புத்தகத்தின் வயதுக் கணக்கை நம்புவதைவிட, அந்தக் குழந்தைக்கு இப்போது பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அளப்பது பிழையில்லாதது. தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டர் என்றால் கழுத்துப் பட்டியின் கடைசி வரிசையைத் தளர்வாக முடியுங்கள். குழந்தைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. இறுக்கி முடித்த கழுத்தில் பிள்ளையின் மூக்கு மாட்டிக்கொள்ளும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் நீளக் கயிறு எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே ஆட்டுப் பண்ணை இருக்கிறது. பிறகு ஏன் வடநாட்டு நூலை வாங்கிப் பின்ன வேண்டும்? கடையில் கம்பளி என்று விற்பது உண்மையில் கம்பளிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, மன்னவனூர்

பதில்: உங்கள் ஊரில் இருப்பது மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அங்கு வளரும் பாரத் மெரினோ என்பது இராஜஸ்தானத்துச் சொக்லா, நாலி இனங்களோடு வெளிநாட்டு ராம்பூலே, மெரினோ இனங்களைக் கலந்து, உடைக்கு ஏற்ற மென்மயிருக்காக உருவாக்கிய ஆடு. நீலகிரியிலும், சாண்டிநல்லாப் பண்ணையில் பேணப்படும் நீலகிரிச் செம்மறி என்ற மென்மயிர் இனம் உண்டு. ஆனால் ஆட்டின் மேலிருந்து கத்தரித்த மயிர் நேராக ஊசிக்கு வராது. ஆட்டின் கொழுப்பும் மண்ணும் போகக் கழுவி, சிக்கெடுத்து வாரி, நூற்று, இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் அது பின்னல் நூல். இத்தனையையும் பெருமளவில் செய்யும் ஆலைகள் லூதியானாப் பக்கம் இருப்பதால் நூல் அங்கிருந்து மலை ஏறி வருகிறது.

கடையில் 'உல்லன்' என்று சொல்லி விற்பவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. விலை குறைவு, துவைக்க எளிது, பழகுகிறவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்கக்கூடாது. ஐந்து செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தீக்குச்சிச் சுடரில் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கிக் கருகும். சுடரை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். முடி கருகிய நாற்றம் வரும். மிஞ்சும் சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து, நசுங்காத கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். சூடு ஆறுவதற்குமுன் தொடாதீர்கள். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காயும் வீடுகளில் இது சோதனைக்கு மட்டும் உரிய செய்தியன்று. உருகும் நூல் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்ட குழந்தையைத் தீயருகே விடாதீர்கள்.

உண்மைக் கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தைத் தொட்டால் தெரியாத அளவுக்கு உள்ளே வாங்கிக்கொள்ளும்; மேகத்துக்குள் நடந்து வருகிறவருக்கு அது பெரிய நன்மை. அதற்கு ஈடாகத் துவைப்பதில் பொறுமை கேட்கும். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் மயிரின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும், திரும்பி வராது. வெதுவெதுப்பான நீரில் அமுக்கி அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, படுக்கப்போட்டு உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் முழங்கால்வரை நீண்டுவிடும். மார்கழி மூடுபனியில் மூன்று நாளானாலும் ஆகட்டும்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பின்னிக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணி நழுவி, ஏணிபோல் பத்து வரிசை கீழே போய்விட்டது. அம்மா முழுவதையும் பிரிக்கச் சொல்கிறார். வேறு வழி இல்லையா? – மாணவி, வில்பட்டி

பதில்: இருக்கிறது, தங்கையே. முதலில் துணியை இழுக்காமல் மேசைமேல் வைத்து, ஏணியின் அடியில் தனியாக நிற்கும் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிடு. அது அதற்குமேல் ஓடாது. பிறகு மற்றக் கண்ணிகளை ஓடிய இடம்வரை பின்னிக்கொண்டு வா. இப்போது சடை தெரியும் பக்கம் உன்னைப் பார்த்திருக்கட்டும். குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, அதற்கு நேர்மேலே குறுக்காகக் கிடக்கும் ஏணிப்படியைக் கொக்கியில் பிடித்து, கண்ணியின் வழியாக முன்னால் இழு. ஒரு வரிசை ஏறிவிட்டது. இப்படிப் பத்துப் படியையும் கீழிருந்து மேலாக, ஒன்றைத் தாண்டாமல், வரிசைப்படி ஏற்றி, கடைசிக் கண்ணியை இடது ஊசியில் முறுக்கில்லாமல் மாட்டிவிடு. எல்லா வரிசையும் பிளெயினாகப் பின்னிய வரப்புத் துணியாக இருந்தால் ஒரு படியை முன்பக்கமிருந்தும் அடுத்ததைத் துணியைத் திருப்பிப் பின்பக்கமிருந்தும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு கோடு மட்டும் சடையாக நிற்கும். ஏற்றிய கண்ணிகள் பக்கத்துக் கண்ணிகளைவிடச் சற்று இறுகியோ தளர்ந்தோ தெரிந்தால், தையல் ஊசி முனையால் இருபுறமும் நெம்பிச் சமன்செய். மிச்சம் இருப்பதை முதல் அலசல் சரிசெய்துவிடும்.